ரன்னர் எண்டில் ஒரு சண்டை: கெட்ட வார்த்தையாகிப்போன வினூ மன்கட்டின் கதை

ஷூ கம்பெனிகளுக்கு லீவு விடுற ஞாயித்துக்கிழமை. ஆம்பூர் பக்கம் ஒரு ரவுண்டு வந்தால் பாலாற்று மணலிலோ, ஏதாவது ஸ்கூல் கிரவுண்டிலோ ஒரு டென்னிஸ் பால் மேட்ச் கண்ணில் படாமல் போகாது. பேட்டிங் எண்டில் மூணு குச்சி. ரன்னர் எண்டில் ஒரு செங்கல், அதுவும் இல்லையென்றால் யாரோ கழட்டிவிட்ட செருப்பு. அம்பயர் யார் தெரியுமா? பேட்டிங் டீமில் இன்னும் இறங்காத ஒருத்தர். பாதி சண்டை அங்கேயே ரெடி.

மீதி பாதி கடைசி ஓவரில் வரும். பௌலர் ஓடி வருவார். ரன்னர் எண்டில் நிற்கிறவர், ஒரு ரன் திருடிவிடலாம் என்ற நினைப்பில் ரெண்டு அடி முன்னாடியே கிளம்பியிருப்பார். பௌலர் பந்தைப் போட மாட்டார். செங்கல்லில் தட்டிவிட்டு கையைத் தூக்கிவிடுவார். அவ்வளவுதான், பேட்டிங் டீம் மொத்தமும் கிரவுண்டுக்குள் இறங்கிவிடும். இதெல்லாம் அவுட்டே கிடையாது என்று ஒரு கோஷ்டி. ரூல்லயே இருக்கு பாய் என்று இன்னொரு கோஷ்டி. ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து, முதல் தடவை வார்னிங்தான், ரெண்டாவது தடவை செய்தால்தான் அவுட் என்று தீர்ப்பு எழுதுவார். அந்த ரூல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால், நம்ம ஊர் கிரவுண்டு எல்லாவற்றிலும் அதுதான் சட்டம்!

இந்தக் கூச்சலில் திரும்பத் திரும்ப ஒரு வார்த்தை அடிபடும். மன்கட். மன்கட் பண்ணிட்டான், மன்கட் பண்றவனெல்லாம் பிளேயரா, இப்படி. அது ஒரு மனிதரின் பெயர் என்பது கத்துகிற பலருக்குத் தெரியாது. ஏதோ போங்கு ஆட்டத்துக்கான இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மனிதர்தான் இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைச் சுருட்டிக் கொடுத்தவர். அதுவும் நம்ம சேப்பாக்கத்தில்.

ஜாம்நகரில் இருந்து

முழுப் பெயர் மூல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். 1917 ஏப்ரல் 12-ம் தேதி, இன்றைய குஜராத்தில் இருக்கும் ஜாம்நகரில் பிறந்தார். வினூ என்பது செல்லப் பெயர். கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. அப்போது ஜாம்நகர், நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகரம். ரஞ்சி டிராபிக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித் சிங் ஆண்ட ஊர். அந்த ஊரில் கிரிக்கெட் என்பது அரண்மனை விவகாரம். இங்கிலாந்தின் சசெக்ஸ் அணிக்கு ஆடிய பெர்ட் வென்ஸ்லி என்பவர் அங்கே கோச்சாக வந்தார். பையனின் இடது கை சுழற்பந்துவீச்சைச் செதுக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பந்து போடுவது இடது கையில், பேட்டிங் வலது கையில்.

1936-37 சீஸனில் நவாநகர் ரஞ்சி டிராபியை ஜெயித்தபோது மன்கட்டுக்கு இன்னும் 20 வயது ஆகவில்லை. அடுத்த சீஸனில் லார்ட் டென்னிசன் தலைமையில் ஓர் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. அந்த அதிகாரபூர்வமற்ற டெஸ்ட்களில் இந்தியாவின் பேட்டிங் சராசரி, பௌலிங் சராசரி இரண்டிலும் முதலிடம் இந்தப் பையனுக்குத்தான். சரி, இனி நேராக டெஸ்ட் டீம்தானே என்று நினைப்போம். அங்கேதான் உலகப் போர் குறுக்கே வந்தது. 1936-க்குப் பிறகு 1946 வரை இந்தியா ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஒரு ஆல்ரவுண்டரின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வருஷங்கள் அப்படியே போயின. லார்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடும்போது மன்கட்டுக்கு 29 வயது.

தாமதமாக வந்த கோபமோ என்னவோ, அந்த 1946 இங்கிலாந்து டூரில் மட்டும் 1,120 ரன், 129 விக்கெட். விஸ்டன் புத்தகம் அடுத்த ஆண்டின் சிறந்த ஐந்து வீரர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

சிட்னி, டிசம்பர் 13

1947. சுதந்திரம் கிடைத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. லாலா அமர்நாத் தலைமையில் இந்திய அணி ஆஸ்திரேலியா போகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் கிரிக்கெட் டூர். எதிரே டான் பிராட்மேனின் அணி. சீரிஸை இந்தியா 4-0 என்று தோற்றது. ஆனால், அந்த டூரிலிருந்து உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஸ்கோரை அல்ல.

நவம்பரில் சிட்னியில் ஒரு டூர் மேட்ச். பிராட்மேன் தன் நூறாவது முதல்தர சதத்தை அடித்தாரே, அதே மேட்ச். ஆஸ்திரேலியா லெவன் அணியின் பில் ப்ரவுன், மன்கட் பந்து போடும் முன்பே ரன்னர் எண்ட் கிரீஸை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். மன்கட் ஒரு தடவை எச்சரித்தார். ப்ரவுன் மறுபடியும் கிளம்பினார். மன்கட் பெயில்ஸைத் தட்டினார். அவுட். அதாவது, நம்ம டீக்கடைப் பெரியவரின் சட்டத்தை அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. டிசம்பர் 13, இரண்டாவது டெஸ்ட். அதே சிட்னி கிரவுண்டு, அதே மன்கட், ரன்னர் எண்டில் அதே ப்ரவுன். 18 ரன்னில் இருந்தார். மறுபடியும் முன்கூட்டியே கிளம்பினார். இந்த முறை எச்சரிக்கை எதுவும் இல்லை. மன்கட் ஓடி வந்து, பந்தை விடாமல் ஸ்டம்பைத் தட்டினார். அம்பயர் விரலைத் தூக்கினார்.

அம்பயர் தப்பு செய்யவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அது சுத்தமான ரன் அவுட். பௌலர் ஓடத் தொடங்கியதும் பந்து உயிரோடு இருக்கிறது. கிரீஸுக்கு வெளியே இருக்கும் எந்த பேட்ஸ்மேனையும் ரன் அவுட் செய்யலாம். சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு தீர்ப்பு, இத்தனை வருஷமாக அடிதடி ஆகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரமே.

ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கொந்தளித்தன. இது விளையாட்டு வீரனுக்கு அழகா என்று கேட்டன. ஆனால், அந்தப் பக்கத்து கேப்டன் பிராட்மேன், மன்கட் பக்கம் நின்றார். பந்து கையை விட்டுப் போகும்வரை நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸுக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அப்படி இருக்கும்போது, முன்கூட்டியே கிளம்பி லாபம் பார்க்கிறவரை விட்டுவிட்டு, அவரைப் பிடித்தவர் மேல் ஏன் பாய்கிறீர்கள் என்பது அவர் எடுத்த நிலை. பிறகு எழுதிய சுயசரிதையிலும் அதே நிலைதான். தோற்றுக்கொண்டிருக்கும் எதிரணி வீரருக்காக, சொந்த ஊர்ப் பத்திரிகைகளை எதிர்த்து நிற்பதெல்லாம் சாதாரண விஷயமில்லை.

பிராட்மேனே சொல்லியும் ‘மன்கட் செய்வது’ என்ற பிரயோகம் ஒட்டிக்கொண்டது. ரெண்டு தடவை அவுட் ஆனவர் ப்ரவுன். பேச்சில் குற்றவாளி ஆனவர் மன்கட். நியாயமாகப் பார்த்தால், முன்கூட்டியே ஓடுவதற்கு ‘ப்ரவுன் பண்றது’ என்றுதானே பேர் வந்திருக்கணும்?

அந்த ரெண்டு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு சின்னக் கணக்கு. பிட்ச் நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. ஸ்டம்பிலிருந்து கிரீஸ் 4 அடி முன்னால் இருக்கிறது. இரண்டு பக்கமும் 4 அடி கழித்தால், ஒரு ரன்னுக்கு ஓட வேண்டிய தூரம் 58 அடி. மூணு அடி முன்கூட்டியே கிளம்பினால் 5 சதவிகிதத்துக்கு மேல் தூரம் மிச்சம். இன்றைக்கு ரன் அவுட்டுக்கு தேர்டு அம்பயர், பேட் நுனி கோட்டைத் தொட்டதா என்று ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்க்கிறார். அரை அங்குலத்தில் ஆள் அவுட். அந்த உலகத்தில் மூணு அடி என்பது பெரிய சொத்து.

சேப்பாக்கத்தில் நாலு ஸ்டம்பிங்

இப்போ 1952 பிப்ரவரிக்கு வருவோம். சென்னை, அப்போதைய மெட்ராஸ். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி 20 வருஷம் ஆகப்போகிறது. 24 டெஸ்ட் முடிந்து, ஒன்றில்கூட வெற்றி இல்லை. 25-வது டெஸ்ட் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. விஜய் ஹசாரே கேப்டன். சென்னைக்காரர் சி.டி.கோபிநாத்தும் டீமில் இருந்தார். முதல் நாளே இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்துவிட்ட செய்தி வர, மறுநாளை ஓய்வு நாளாக மாற்றினார்கள்.

முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 266. மன்கட்டுக்கு 55 ரன் கொடுத்து 8 விக்கெட். அந்த எட்டில் நாலு பேர் எப்படி அவுட் ஆனார்கள் தெரியுமா? ஸ்டம்பிங். டாம் கிரேவனி, கேப்டன் டொனால்டு கார், ஹில்டன், ஸ்டேதம். பந்தைக் காற்றில் தொங்கவிட்டு, பேட்ஸ்மேனை ஆசை காட்டி கிரீஸை விட்டு வெளியே இழுப்பார் மன்கட். பந்து ஏமாற்றிவிட்டுப் போகும். விக்கெட் கீப்பர் கோகன் சென் பெயில்ஸைத் தட்டிவிடுவார். பிறகு பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடிக்க, இந்தியா 457-க்கு டிக்ளேர் செய்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட்டுக்கு இன்னும் 4 விக்கெட். பிப்ரவரி 10-ம் தேதி, இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. கிரேவனி செய்தது என்ன? கிரீஸை விட்டு வெளியே வந்தார். ப்ரவுன் செய்தது என்ன? கிரீஸை விட்டு வெளியே வந்தார். இரண்டு பேரையும் பிடித்தது ஒரே ஆள். பேட்டிங் எண்டில் நடந்தால் கைதட்டல், சரித்திரம், ஸ்டாம்ப். 22 கஜம் தள்ளி ரன்னர் எண்டில் நடந்தால் திருட்டு. ஒரே கோடு, ஒரே சட்டம். பார்க்கிற கண்ணுதான் வேற.

எழுதிக் கொடுங்க

அதே 1952-ல் நடந்த இன்னொரு சம்பவம், மன்கட் எப்படிப்பட்ட மனிதர் என்பதைக் காட்டிவிடும். அவர் மகாராஜாவும் இல்லை, மில் முதலாளி மகனும் இல்லை. கிரிக்கெட் ஆடித்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்தக் காலத்தில் டெஸ்ட் ஆடினால் கிடைக்கும் பணத்தில் குடும்பம் நடத்த முடியாது. அதனால் கோடைக்காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் லீக்கில், ஹாஸ்லிங்டன் என்ற கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆட வாய்ப்பு வந்தது. அதே கோடையில் இந்திய அணியும் இங்கிலாந்து போகிறது. மன்கட், கிரிக்கெட் போர்டிடம் ஒன்றே ஒன்று கேட்டார். டீமில் நிச்சயம் எடுப்பீர்கள் என்று உறுதி கொடுங்கள், இந்த வேலையை விட்டுவிடுகிறேன். போர்டு மறுத்துவிட்டது. சேப்பாக்கத்தில் 12 விக்கெட் எடுத்த ஆளுக்கு! மன்கட் ஹாஸ்லிங்டனில் கையெழுத்து போட்டார்.

பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்தவர்கள் இருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வாய் வார்த்தையை நம்பி வேலையை விட முடியாது.

லீட்ஸில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவின் ஸ்கோர் 0 ரன்னுக்கு 4 விக்கெட். அச்சுப் பிழை இல்லை, பூஜ்ஜியத்துக்கு நாலு. அதில் மூணு, அறிமுக வீரர் ஃபிரெட் ட்ரூமேனுக்கு. போர்டுக்கு உடனே ஞானம் வந்தது. ஹாஸ்லிங்டன் கிளப்பிடம் கேட்டு மன்கட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

நேராக லார்ட்ஸ். முதல் இன்னிங்ஸில் ஓப்பனிங் இறங்கி 72. பிறகு பௌலிங், 73 ஓவர், 196 ரன்னுக்கு 5 விக்கெட். உடனே மறுபடியும் ஓப்பனிங், 184 ரன். அதோடு விட்டார்களா? நாலாவது இன்னிங்ஸில் இன்னும் 24 ஓவர். ஒரே டெஸ்ட்டில் 97 ஓவர் போட்டு 256 ரன்னும் அடித்த மனிதர். இந்தியா 8 விக்கெட்டில் தோற்றது. ஆனாலும் அந்த மேட்ச்சை இங்கிலாந்துக்காரர்களே மன்கட்டின் டெஸ்ட் என்றுதான் சொன்னார்கள். அவர் பெயர் இப்படி ஒரு நல்ல காரியத்துக்கும் ஒட்டியிருந்தது. அது காலத்தில் நிற்கவில்லை, சிட்னி நின்றுவிட்டது.

அதே வருஷக் கடைசியில் பாகிஸ்தானுக்கு எதிராக, தன் 23-வது டெஸ்ட்டில் 1,000 ரன், 100 விக்கெட் இரண்டையும் தொட்டார். அந்த வேகத்தை 1979-ல் இயான் போத்தம் வந்துதான் முறியடித்தார்.

சென்னையோடு அவருக்கு என்னவோ ஒரு பந்தம் இருந்தது. 1956 ஜனவரி, நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். இடம், அப்போது கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்ட இன்றைய நேரு ஸ்டேடியம். ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகளுக்கு அத்துப்படியான பெரியமேடு பக்கம்தான். மன்கட்டும் பங்கஜ் ராயும் ஓப்பனிங் இறங்கி 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231. வயது 38! அந்த ஓப்பனிங் ரெக்கார்டு 52 வருஷம் நின்றது. 2008-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 அடித்துத்தான் உடைத்தார்கள். இந்தியர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோர் என்ற பெருமை அந்த 231-க்கு 1983 வரை இருந்தது. அதை சுனில் கவாஸ்கர் 236 அடித்துத் தாண்டியதும் சென்னையில்தான், சேப்பாக்கத்தில்.

1959-ல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான சென்னை டெஸ்ட்டுக்கு முன்னால், டீம் செலக்‌ஷன் சண்டையில் உம்ரிகர் கேப்டன் பதவியைத் தூக்கிப் போட்டார். அவசரத்துக்கு மன்கட்டைக் கேப்டன் ஆக்கினார்கள். இந்தியா படுதோல்வி. அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னொருவர் கேப்டன். டெல்லியில் நடந்த அந்த டெஸ்ட்தான் மன்கட்டின் கடைசி. மொத்தம் 44 டெஸ்ட், 2,109 ரன், 162 விக்கெட். ஒன்றாம் நம்பர் முதல் பதினோராம் நம்பர் வரை எல்லா இடத்திலும் பேட்டிங் செய்த வெகு சிலரில் ஒருவர். எங்கே ஆள் தேவையோ அங்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அம்பயர் தலைக்குள் ஒரு நொடி

1973-ல் பத்ம பூஷண் வந்தது. 1978 ஆகஸ்ட் 21-ல் பம்பாயில், 61 வயதில் மன்கட் இறந்துபோனார். சண்டை மட்டும் ஓயவில்லை.

சட்டப் புத்தகமே இந்த விஷயத்தில் தடுமாறியிருக்கிறது. சட்டங்களை எழுதும் லண்டன் எம்.சி.சி கிளப், 2000-ல் புதுப் பதிப்பு கொண்டுவந்தபோது, டெலிவரி ஸ்ட்ரைடுக்குள் நுழையும் முன்புதான் பௌலர் இதைச் செய்யலாம் என்று வைத்தது. அந்த விதிக்கு வைத்த தலைப்பு, நான்-ஸ்ட்ரைக்கரை ரன் அவுட் செய்ய முயலும் பௌலர் என்ற பொருளில் இருந்தது. அதாவது, தலைப்பிலேயே கை நீட்டியது பௌலரை நோக்கி. ‘ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்’ என்று எல்லோரும் வாய் கிழியப் பேசும் முன்னுரையும் அதே 2000-ல்தான் சட்டப் புத்தகத்தில் சேர்ந்தது. சிட்னி சம்பவத்துக்கு 53 வருஷம் கழித்து எழுதப்பட்ட ஒன்றை வைத்து மன்கட்டை எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2017 பதிப்பில் தலைப்பு மாறியது. இப்போது, கிரீஸை விட்டு முன்கூட்டியே கிளம்பும் நான்-ஸ்ட்ரைக்கர். குற்றவாளிக் கூண்டில் ஆள் மாறிவிட்டார்! கூடவே இன்னொரு மாற்றம். பௌலர் பந்தை விடுவார் என்று இயல்பாக எதிர்பார்க்கப்படும் நொடி வரை ரன் அவுட் செய்யலாம்.

அந்த ‘எதிர்பார்க்கப்படும் நொடி’தான் அம்பயருக்குப் புதுத் தலைவலி. கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா என்பதை கேமரா சொல்லிவிடும். நடக்காத ஒரு பந்துவீச்சில் பந்து எப்போது கையை விட்டிருக்கும் என்பதை எந்த கேமராவும் காட்டாது. அதை அம்பயர் தன் தலைக்குள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நம்ம சென்னை அஸ்வின் மாட்டியது இங்கேதான். 2012-ல் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேவை இப்படி ரன் அவுட் செய்தார். அம்பயர்கள் முடிவு சொல்லாமல், கேப்டன் சேவாக்கிடம் அப்பீல் உண்டா என்று கேட்டார்கள். சேவாக் வாபஸ் வாங்கிவிட்டார். யோசித்துப் பாருங்கள், எல்.பி.டபிள்யூ அப்பீலுக்கு யாராவது இப்படிக் கேட்பார்களா? ஏழு வருஷம் கழித்து, 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர் ஐ.பி.எல். மேட்ச். 69 ரன்னில் இருந்த ஜோஸ் பட்லரை அஸ்வின் ரன் அவுட் செய்தார். இந்த முறை அவரே கேப்டன். வாபஸ் கிடையாது. தேர்டு அம்பயர் பார்த்து அவுட் கொடுத்தார்.

அடுத்த காமெடி லண்டனில். இது சட்டப்படி சரிதான் என்கிற தொனியில் முதலில் எம்.சி.சி விளக்கம் கொடுத்தது. ஒரே நாளில் மறுபடியும் வீடியோ பார்த்துவிட்டு, அஸ்வின் கிரீஸுக்கு வந்தபிறகு நிறுத்திய நேரம் ரொம்ப அதிகம், பந்து விட வேண்டிய நொடியில் பட்லர் உள்ளேதான் இருந்தார், ஆகவே இது ஸ்பிரிட்டுக்கு எதிரானது என்று மாற்றிச் சொன்னது. சட்டத்தை எழுதியவர்களே ஸ்லோ மோஷனில் பார்த்து ரெண்டு நாளில் ரெண்டு மாதிரி சொல்கிறார்கள். கிரவுண்டில் நிற்கிற அம்பயருக்கு ஒரு நொடி. பாலாற்று மணலில் நிற்கிற நம்ம பேட்டிங் டீம் அம்பயரை இனிமேல் ரொம்பத் திட்டாதீங்க.

2023 ஜனவரியில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியாவின் பிக் பேஷ் லீக்கில் ஆடம் ஸாம்பா, தெளிவாக வெளியே போய்விட்ட பேட்ஸ்மேனை ரன் அவுட் செய்தார். நாட் அவுட்! ஸாம்பாவின் கை உச்சியைத் தாண்டிவிட்டது, அதாவது பந்து விட வேண்டிய நொடி கடந்துவிட்டது என்பது அம்பயர்களின் முடிவு. கையை ரெண்டு ஃப்ரேம் முன்னால் நிறுத்தியிருந்தால் அதே ரன் அவுட் செல்லும்.

அமெரிக்காவின் பேஸ்பாலில் இதே விஷயம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். அங்கே முதல் பேஸில் நிற்கும் ஓட்டக்காரர், அடுத்த பேஸுக்குத் தாவ வசதியாகச் சில அடி தள்ளித்தான் நிற்பார். பந்து வீசும் பிட்ச்சர், பேட்டருக்கு வீசாமல் சட்டென்று அந்த பேஸுக்கு எறிவார். அங்கிருக்கும் ஃபீல்டர் பந்தோடு ஓட்டக்காரரைத் தொட்டுவிட்டால் ஆள் காலி. இதற்குப் பெயர் ‘பிக்-ஆஃப்’. யாரும் பிட்ச்சரைத் திட்டுவதில்லை. அசந்து நின்றவரைத்தான் கிண்டல் செய்வார்கள்.

அங்கேயும் சண்டை உண்டு, ஆனால் வேறு இடத்தில். பேட்டருக்கு வீசுவதுபோல் பாவனை காட்டி ஓட்டக்காரரை ஏமாற்றினால் அது ‘பால்க்’. தண்டனையாக ஓட்டக்காரருக்கு ஒரு பேஸ் இலவசம். எது பாவனை, எது இயல்பான அசைவு என்பது அம்பயரின் கணிப்பு. அதற்காக கோச்சுகள் அம்பயர் முகத்துக்கு நேராக வந்து கத்துவது பேஸ்பாலில் ஒரு கலை. 2023-லிருந்து இன்னொரு கட்டுப்பாடும் வந்திருக்கிறது: ஒரு பேட்டர் நிற்கும்போது இரண்டு முறைதான் இப்படி பேஸுக்கு எறிந்து பார்க்கலாம், மூன்றாவது முறை எறிந்து அவுட் ஆக்காவிட்டால் பால்க். ஏமாற்று எது, சாமர்த்தியம் எது என்று அவர்கள் கோடு கிழித்து, எண்ணிக்கை போட்டு வைத்துவிட்டார்கள். நாம் அதை ஸ்பிரிட் என்ற ஒற்றை வார்த்தையில் விட்டுவைத்தோம்.

மன்கட்டின் பெயரை இப்படி இழுப்பது இந்தியாவின் மாபெரும் வீரர் ஒருவருக்கு அவமானம் என்று கவாஸ்கர் பல வருஷமாகச் சொல்லிவருகிறார். மன்கட் குடும்பமே கிரிக்கெட் குடும்பம். மகன் அசோக் இந்தியாவுக்காக 22 டெஸ்ட் ஆடியவர். நாட்டின் அண்டர்-19 பசங்க ஆடும் ஒருநாள் போட்டித் தொடருக்கு இன்றைக்கும் வினூ மன்கட் டிராபி என்றுதான் பெயர். 2021-ல் ஐ.சி.சி. தன் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது.

2022 செப்டம்பர் 24. லார்ட்ஸ். மன்கட் 97 ஓவர் போட்ட அதே கிரவுண்டு. ஜூலன் கோஸ்வாமியின் கடைசி மேட்ச். இங்கிலாந்தின் கடைசி விக்கெட். சார்லி டீன் முன்கூட்டியே கிளம்ப, தீப்தி ஷர்மா பெயில்ஸைத் தட்டினார். அவுட், மேட்ச் முடிந்தது, இந்தியாவுக்கு 3-0. டீன் அழுதார், இங்கிலாந்துப் பத்திரிகைகள் பொங்கின, 1947 அப்படியே ரிப்பீட். சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1-ம் தேதி, எம்.சி.சி-யின் புது மாற்றம் அமலுக்கு வந்தது. நியாயமற்ற ஆட்டம் பற்றிய 41-வது விதியிலிருந்து இதைத் தூக்கி, ரன் அவுட் பற்றிய 38-வது விதிக்குள் போட்டுவிட்டார்கள்.

சிட்னி டெஸ்ட்டின் ஸ்கோர் கார்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. ப்ரவுன், ரன் அவுட், 18.